ஒம்பது குழிக்கு ஒரே சத்தம்

வெடிமருந்துப் புகைக்கு ஒரு வாசம் உண்டு. தீபாவளி வாசம் இல்லை... அதைவிடக் காரம். ஈரக் கல்லோட வாசமும் சேர்ந்து தொண்டையில போய் உக்காந்துக்கும். போடிமெட்டுப் பக்கம் ரோட்டை அகலப்படுத்துன காலத்துல எங்க எஸ்டேட்டுல மதியச் சோத்தையே அந்த வாசத்தோடதான் சாப்பிடுவோம்.

அப்பா அந்த ரோட்டு வேலையில வெடிக்காரர். பாறையில குழி போட்டு, மருந்து ஏத்தி, அதைப் பத்த வைக்கிற தோட்டாவையும் வச்சு வெடிக்க வைக்கிற வேலை. ரோட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம்; அதுக்கு இந்தப் பக்கச் சரிவுல அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுவா. நான் டிகிரி முடிச்சுட்டு வேலை கிடைக்காம அம்மாகூடவே போய்க்கிட்டிருந்தேன். பிசிக்ஸ் படிச்ச புள்ள கொழுந்துக்கு வந்துருச்சுன்னு பக்கத்துச் செடி வரிசையில நிக்கிற செல்வி அக்கா கிண்டல் பண்ணாத நாளே இல்லை.

வெடிக்கு முன்னாடி ஒரு வழக்கம் இருந்துச்சு. பள்ளத்தோரம் எங்க பக்கமா நின்னு கொடி பிடிக்கிறவர் விசில் அடிச்சுட்டு, எத்தனை குழின்னு எங்களுக்குக் கேக்குற மாதிரி கத்துவார்.

"ஒம்பது குழியேய்..."

சரிவுல அத்தனை கையும் நின்னுடும். எல்லாரும் எண்ணுவோம். ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அரை செகண்ட் இருக்கும், அதனால தனித்தனியா எண்ணிடலாம். ஒம்பதும் வந்துட்டா மறுபடி கொழுந்து. எட்டோட நின்னா, ஒரு குழி வெடிக்காம உள்ளயே இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு அப்பா ரொம்ப நேரம் பாறைப் பக்கமே போகமாட்டார்.

அம்மா உதட்டுக்குள்ளயே எண்ணுவா, ஜெபமாலை உருட்டுற மாதிரி.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "நாளையிலருந்து புதுத் தோட்டாவாம். அரை செகண்டெல்லாம் போச்சு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் இருவத்தஞ்சு மில்லி செகண்டாம். பாறை நல்லாப் பொடியுமாம்."

அம்மா குழம்பு ஊத்திக்கிட்டிருந்தா. நான் போனை நோண்டிக்கிட்டிருந்தேன். யார் காதுலயும் அது ஏறலை.

மறுநாள் விசில். "ஒம்பது குழியேய்..."

டமார்.

ஒரே ஒரு சத்தம்...

"ஒண்ணு"ன்னா அம்மா. அடுத்ததுக்குக் காத்திருந்தா. எதிரொலி மலையில முட்டி முட்டி அடங்குச்சு. ரெண்டு வரவேயில்லை.

"எட்டுக் குழி நின்னுபோச்சேடி"ன்னு செல்வி அக்கா மெதுவாச் சொன்னாங்க. அம்மா தோள்ல இருந்த கொழுந்துப் பை நழுவிக் கீழ விழுந்துச்சு. அவ குனிஞ்சுகூடப் பாக்கலை.

"ஏட்டி, உங்கப்பா எண்ணியிருப்பாகல்லா? உள்ள போயிட மாட்டாகல்லா?"

கத்துனா அப்பாவுக்குக் கேக்காத தூரம். போனுக்கு ரேஞ்ச் கிடையாது. அப்பத்தான் முந்தின நாள் அப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு.

"அம்மா, இரு. ஆயிரம் மில்லி செகண்டு சேந்தாத்தான் ஒரு செகண்டு. ஒம்பது குழிக்கு நடுவுல எட்டு இடைவெளி. எட்டு இருவத்தஞ்சு இருநூறு. ஒரு செகண்டை அஞ்சாப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான். அதுக்குள்ள ஒம்பதும் வெடிச்சு முடிஞ்சிருக்கும். நம்ம காது பிரிச்சுக் கேக்கலை, அவ்வளவுதான்."

செல்வி அக்கா சிரிச்சுட்டாங்க. "பரவால்லடி, உன் படிப்பு இதுக்காச்சும் ஆச்சே." எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

அம்மா மட்டும் சிரிக்கலை.

"அப்போ ஒரு குழி வெடிக்காம நின்னா எப்படிட்டி தெரியும்?"

ஒம்பதுல எட்டுதான் வெடிச்சிருந்தாலும் எங்களுக்குக் கேக்குறது இதே டமார்தான். நான் போட்ட கணக்கு சரிதான்... அதனாலதான் இப்போ முன்னைவிடப் பயமா இருந்துச்சு.

அப்போ புகைக்குள்ள இருந்து மஞ்சள் ஹெல்மெட் ஒண்ணு வெளிய வந்துச்சு. அப்பா. தனியா. உடைஞ்ச கல்லு மேல கால் வச்சு வச்சு ஏறினார். ஒரு இடத்துல குனிஞ்சு பார்த்தார். நகர்ந்தார். மறுபடி குனிஞ்சார். ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தா. "மாதாவே"ங்குறது மட்டும் கேட்டுச்சு.

கடைசியில அப்பா நிமிர்ந்து, எல்லாக் குழியும் வெடிச்சாச்சுன்னு விசில் அடிச்சார். அம்மா பையை எடுத்து மாட்டிக்கிட்டு வேலையில இறங்கிட்டா. அன்னைக்கு அவ பை நிறைய முத்தின இலைன்னு கங்காணி திட்டுனார். அவ காதுல வாங்கினதாவே தெரியலை.

சாயங்காலம் லயத்து வீட்டுல அப்பா பால் இல்லாத கட்டஞ்சாயா குடிச்சுக்கிட்டே சொன்னார். "இனி எண்ணி எல்லாம் ஆகாது. அஞ்சு நிமிசம் பொறுத்துட்டு, நேருல போயி ஒவ்வொரு குழியாப் பாக்கணும்."

"தினமுமா?"

"தினமுந்தான்."

அடுத்த நாள்லருந்து கொடிக்காரர் குழி எண்ணிக்கையைக் கத்துறதை நிறுத்திட்டார். மத்தவங்க எண்ணுறதை விட்டுட்டாங்க. அம்மா விடலை. வெடிச் சத்தத்துல ஆரம்பிச்சு, அப்பாவோட விசில் கேக்குற வரைக்கும் எண்ணுவா. ரோடு வேலை முடியுற வரைக்கும் தினமும்.

இப்போ நான் கொச்சியில ஒரு கம்பெனியில சர்வர் எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குற வேலையில இருக்கேன். நாள் முழுக்க மில்லி செகண்ட்தான். இன்னைக்கு ஸ்கிரீன்ல இருநூறுன்னு பச்சையா வந்து நின்னுச்சு. பக்கத்து சீட் பையன், "அக்கா, அதெல்லாம் மனுஷனுக்குத் தெரியவே தெரியாத நேரம்"னான்.

அப்பா அன்னைக்குச் சொன்ன அஞ்சு நிமிஷத்தை மில்லி செகண்டா மாத்திப் பாத்தேன். மூணு லட்சம். அம்மாவுக்கு அது அப்படித்தான் போயிருக்கும்...

அந்த ரோட்டுல இப்போ டூரிஸ்ட் வண்டி சர்ருனு போகுது. அப்பாவுக்கு வேலையும் இல்லை, காதும் சரியாக் கேக்காது. லீவுக்குப் போயிருந்தப்ப, பால் வாங்கப் போன மனுஷன் வரக் கொஞ்சம் லேட்டாச்சு. அம்மா வாசல்ல போய் நின்னா. உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பக்கத்துல போய் நின்னு, நானும் எண்ண ஆரம்பிச்சேன்.