எப்போதும் ஃபுல்

மலைமேல் வெள்ளக்கடை ஊரில் ஒருவன் பைக்கிலிருந்து வாயால் பெட்ரோல் உறிஞ்சினான். அந்த வாடையில் எனக்கு மாமாவின் பழைய கார் ஞாபகம் வந்தது.

பெட்ரோல் காட்டும் முள் தினம் மக்கர் செய்கிறதென்று, டாங்கிக்குப் போகும் ஒயரை வெட்டி, காரின் தகரத்திலேயே முறுக்கிவிட்டவர் அவர். அதன்பின் டாங்கி காலியானாலும் முள் ஃபுல்லிலேயே நிற்கும்.

பிரசவ வலியில் துடித்த அக்காவை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் மிச்சமென்று மலை இறக்கம் முழுக்க இஞ்சினை அணைத்தே உருட்டி வந்தார். அடிவாரத்துக் குப்பனூரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

"பெட்ரோல் இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"முள்ளப் பாரு கண்ணு, ஃபுல்லு!"

"அந்த முள்ள உங்க கண்ணுலயே குத்திக்கோங்க!" என்று அலறினாள் அக்கா.

வழியில் வந்த பால்காரரின் மொபெட்டிலிருந்து மாமா பெட்ரோல் உறிஞ்சும்போது பாதியை விழுங்கிவிட்டு, மீதியை டாங்கியில் ஊற்றி, காருக்குள் வந்து அக்காவின் மடியிலேயே வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்ததும் ஏறிப் படுத்தவர் மாமாதான். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள்.