பவுடர்தான் என்று நான் சொன்னேன்

டாக்டர் வள்ளியம்மை ரீகால் பட்டியலில் ஒரு பெயர்மேல் விரலை வைத்தால் என் கை அந்தப் பெயரின் ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடும். நாடு முழுவதும் கிளைகள் உள்ள எங்கள் புற்றுநோய்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மாதம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து, நான் வேலை பார்க்கும் ஜொகூர் கிளைக்கு வருவார். மாலை, பொன்னாடை எதுவும் அவருக்குப் பிடிக்காது. மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்த பிறகு மறுபடி வரச் சொன்ன பெண்களின் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்.

அன்று விரல் நின்ற பெயர் சரோஜா, ஊர் லாபிஸ்.

“நாலு பேர வரச் சொன்னோம். மூணு பேர் வந்துட்டாங்க. இவங்க எங்க, தேவகி?”

“அது பவுடர்தான் டாக்டர். மத்த மூணு பேருக்கும் அப்படித்தானே இருந்துச்சு.”

“யாரு சொன்னா? இவங்களுக்கு ரிபீட் படம் எடுத்தீங்களா?”

எடுக்கவில்லை. பவுடர் என்று சொன்னது நான்தான்.

இப்போது சங்கத்தில் சேரும் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெமோகிராம் எடுக்க வரும்போது மார்பிலும் அக்குளிலும் பவுடரோ டியோடரண்டோ இருக்கக் கூடாது. படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். ஆரம்ப நிலைப் புற்றுநோயும் சில சமயம் அப்படித்தான் தெரியும். மலாய்த் துண்டறிக்கையில் இந்த எச்சரிக்கை இருந்தது. தமிழில் எழுதியது நான். எழுத்து பெரிதாக இருக்கட்டும், நம் ஆட்கள் எங்கே டியோடரண்ட் போடுகிறார்கள் என்று அந்த வரியையே எடுத்துவிட்டேன். என் மேதாவித்தனம் அது.

லாபிஸ் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்திய மெமோகிராம் முகாமுக்கு வந்த பெண்களோ குளித்து, நல்ல சேலை கட்டி, கழுத்திலிருந்து இடுப்புவரை பவுடர் பூசி வந்தார்கள். டாக்டரிடம் போகும்போது வேர்வை வாடையோடு போகலாமா? படம் எடுக்கும் பெண் துடைத்துத் துடைத்துக் களைத்துப் போனாள். அப்படியும் நான்கு பேர் படத்தில் புள்ளிகள்.

மறுபடி வரச் சொன்ன கடிதம் கிடைத்ததும் சரோஜா போன் செய்தார். ஐம்பது வயது, கணவர் இல்லை, ஜொகூர் பாருவில் ஒரே மகள்.

“அக்கா, எனக்கு ஒன்னும் இல்லையே?”

என் தவறால் ஒருத்தி பயப்படுகிறாளே என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. “பவுடர்தாம்மா. பயப்படாதீங்க. நேரம் கெடைக்கும்போது வாங்க” என்றேன். என் துண்டறிக்கைக் குளறுபடியை மூடிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது. அதை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

போனில் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “நம்ம வேலை மூணே மூணு, தேவகி. கண்டுபிடிக்கணும், கூட்டிட்டு வரணும், கூட இருக்கணும். ரிசல்ட் சொல்றது அதுல இல்ல. ஆறு வாரம் போயிருச்சு. அவங்கள கண்டுபிடிங்க.”

சரோஜாவின் நம்பர் வேலை செய்யவில்லை. மறுநாள் காலை நானே காரை எடுத்துக்கொண்டு லாபிஸ் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்: “அவங்க சிங்கப்பூர்ல கேன்டீன் வேலைக்குப் போயிட்டாங்க. ஒடம்புக்கு ஒன்னும் இல்லன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். அதுக்கப்புறம்தான் தைரியமா கெளம்புனாங்க.”

அந்த ஆபீஸ் நான்தான். மகளின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகள் மூலம் பேசியதில், சரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்று தெரிந்தது. இடையில் மூன்று நாள். பவுடராகவே இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். சரோஜாவுக்காகக் கும்பிட்டேனா, எனக்காகவா என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு காலை டாக்டரும் இதற்காகவே கோலாலம்பூரிலிருந்து மறுபடி வந்திருந்தார். சரோஜா சிரித்துக்கொண்டே வந்தார். “இன்னிக்கு பவுடர் போடலக்கா. சோப்புகூட ரெண்டு தடவ தேச்சேன்.”

படம் திரையில் வந்தபோது டாக்டருக்குப் பின்னால் நின்றேன். புள்ளிகள் அதே இடத்தில், அதே கொத்தாக இருந்தன. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கும்மா, ஊசி மூலமா சதை எடுத்துப் பாக்கணும். அன்னிக்கு நானும் வர்றேன்” என்றார். சொன்னபடி வந்தார்.

புற்றுநோய்தான். நல்ல வேளை, ஆரம்ப நிலை. அறுவை முடிந்த மறுநாள் வார்டுக்குப் போய் சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். துண்டறிக்கை விஷயத்தையும் மறைக்கவில்லை.

“உங்க மேல கோபம் இல்லக்கா. நீங்க பவுடர்னு சொன்ன அன்னிக்கு நான் நல்லா தூங்குனேன். இப்ப நெனச்சா அந்தத் தூக்கந்தான் பயமா இருக்கு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தமிழ்த் துண்டறிக்கையில் பவுடர் வரிதான் இப்போது முதல் வரி. போனில் யாராவது “எனக்கு ஒன்னும் இல்லையே அக்கா?” என்று கேட்டால், “தெரியலம்மா. நீங்க வாங்க, நான் வாசல்ல நிக்கிறேன்” என்கிறேன். அந்தப் பக்கம் அழுகை கேட்கும்போது பழைய பதில் இன்னும் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிட்டு, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று கேட்கிறேன்.