பின்கட்டுக்குப் போன தூக்குவாளி

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது என்பது, சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொள்ளும் தொழில். செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் யார் முதலில், கொடியில் யார் துணி, பாலைக் குடித்தது யார் வளர்த்த பூனை என்று எல்லாவற்றுக்கும் வார்த்தையை மென்று முழுங்க வேண்டும். எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அதன் பின்கட்டு அறையை வெள்ளைக்காரர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ஜமால் கல்பாக்கத்தில் ஸ்டோர் குமாஸ்தா. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். ஆகவே வாடகை குடும்பத்துக்கு, அவஸ்தை எனக்கு.

வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள். முகம்கூட நினைவில்லை. ஒருவர் மட்டும் ஒரு வருஷம் இருந்தார். அவரை நினைத்தால் இப்போதும் மூக்கில் உப்புக் காற்று அடிக்கிறது.

பன்னிரண்டு கவர்

அந்த ஒருவர்தான் இங்கரம்மா, டென்மார்க்கில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஒரு கடலோரத்தில் இருப்பது என்று அவரும் கணவரும் பேசி வைத்திருந்தார்களாம். அதற்குள் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த அம்மாள் ஒற்றை ஆளாக ஒரு பெட்டியோடு ஏப்ரல் மாச வெயிலில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அறைக்குள் போனதும் முதல் வேலையாக ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். அதில் துணி மாட்டுகிற கிளிப்பால் பன்னிரண்டு கவர்களை வரிசையாக மாட்டினார். ஒவ்வொரு கவரிலும் ஒரு மாசச் செலவுக்கான பேங்க் செக். ஒன்றாம் தேதி ஒரு கவரை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறி, மாற்றிக்கொண்டு வந்து, வாடகை, அரிசி, மீன், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். கடற்காற்றில் அந்தக் கவர்கள் நாள் முழுக்க படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னேன். ஜமால் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதிலை நம் பாஷையில் சொன்னார்: "தீர்ந்தா ஊருக்குப் போவ வேண்டிதான், வேற வழியில்லன்னு சொல்றாங்க. ஆனா பன்னெண்டு மாசம் இருந்துட்டு வரேன்னு செத்துப்போன மனுசனுக்கு வாக்கு குடுத்துக்கீறாங்களாம்."

பட்டம்மா நடத்திய பள்ளிக்கூடம்

காலை பத்து மணிக்கு மீன்கூடையோடு பட்டம்மா வருவாள். குப்பத்துக்காரி. அவளிடம் பேரம் பேசிப் பேசித்தான் இங்கரம்மா தமிழ் கற்றுக்கொண்டார். கேட்ட வார்த்தையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எழுத்தை மட்டும் மத்தியான நேரங்களில் நான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவருடைய எழுத்துத் தமிழ் மரியாதையாக இருக்கும், வாயைத் திறந்தால் குப்பம் வந்து நிற்கும்.

ஒரு ஒன்றாம் தேதி மெட்ராஸ் பேங்க்கில் வெகுநேரம் காக்க வைத்திருக்கிறார்கள். இவர் எழுந்து போய், "இன்னா சார், காலீலருந்து குந்திகினு கீறேன், டப்பு குடுக்க மாட்டியா?" என்றாராம். ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாராம், ஐந்து நிமிஷத்தில் பணம் கைக்கு வந்துவிட்டதாம். அதைக் கேட்டு பட்டம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பேச்சு பேங்க்லயே செல்லுது பாத்தியா பாயம்மா!"

கடல் பார்க்கும் உத்தியோகம்

சாயங்காலம் ஆனால் இங்கரம்மா மணலில் போய் உட்கார்ந்துவிடுவார். கையில் புத்தகம் கிடையாது, தைக்கிற துணி கிடையாது. சும்மா பார்ப்பார். நான் பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். அது எனக்கு வத்தல் காயவைக்கும்போது ஈரக்காற்றை அனுப்பி வம்பு பண்ணுகிற ஒரு பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஒருநாள் அவரைக் கூப்பிடப் போனவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சவுக்குத் தோப்பின் நிழல் எங்களைத் தாண்டித் தண்ணீர் வரை நீண்டு போயிற்று. சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கட்டுமரத்தைக் கரையேற்றுகிறவர்களின் குரல் காற்றோடு வந்து வந்து போயிற்று. தூரத்தில் தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. எனக்கு என் பெயர்கூட மறந்துவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது.

அடுப்பில் வைத்த சோறும் மறந்துவிட்டது என்பது வேறு கதை. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு ஜமால் கையில் டிபன் கேரியரோடு தேடிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தவர், கடலை ஒரு தடவை பார்த்தார். "இன்னா ரெண்டு பேரும் வேலவெட்டி இல்லாம குந்திகினு கீறீங்க... சரி, கொஞ்சம் தள்ளி குந்து, நானும் குந்துறேன்."

நோன்புக் கஞ்சி

செப்டம்பர் வாக்கில் நோன்பு வந்தது. முதல் நாள் காய்ச்சிய கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, காலித் தூக்குவாளியை நீட்டினார். நம் பக்கத்தில் பதார்த்தம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது வழக்கமில்லை. ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்போம். இதை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். இத்தனை நாள் மென்று முழுங்கியவளுக்கு அன்றைக்கென்று பார்த்து நாக்கு அரித்தது. "வெறும் பாத்திரம் குடுக்கக் கூடாதும்மா, அது எங்க வழக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிற்று. உடனே தூக்குவாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் தூக்குவாளி திரும்பி வந்தபோது அதில் டப்பா பிஸ்கட் நிறைந்திருந்தது. பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரஜியா, இப்போ சரியா கீதா?"

ஆப்பிளும் ஆட்டுக்கறியும்

பிஸ்கட் வந்த பாத்திரத்தில் வெறும் கஞ்சி அனுப்பலாமா? வடையும் வைத்து அனுப்பினேன். அவர் மெட்ராஸ் போய் ஆப்பிள் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் ஆப்பிள் என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எனக்கு ரோஷம் வந்து ஆட்டுக்கறி அனுப்பினேன். டின்னில் அடைத்த சீஸ் வந்தது. பெருநாளுக்கு பிரியாணி போயிற்று, சாக்லேட் வந்தது. பெருநாள் முடிந்து ஒரு மாசம் ஆகியும் இது நிற்கவில்லை. அவருடைய கிண்ணம் எங்கள் வீட்டில், எங்கள் தூக்குவாளி அவர் அறையில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஆப்பிள் பிடித்திருந்தது. சந்து முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளவும் பிடித்திருந்தது. வெள்ளைக்காரிக்கு என்ன குறைச்சல் என்று நினைத்துவிட்டேன். ஜன்னலில் படபடத்த கவர்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. ஜமாலும் என்னோடு சேர்ந்துதான் ஆடினார். சீஸை ஒரு கடி கடித்துவிட்டு அவர் சொன்னது: "சோப்பு மாதிரி கீது. ஆனா நம்ம கௌரவம் இன்னாவறது? நாளைக்கு எறா வாங்கி வறுத்து அனுப்பு."

கயிற்றில் இரண்டு

நவம்பர் கடைசி. இரண்டு நாளாகப் பெய்த அடைமழை விட்ட ஒரு காலை, பட்டம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்கட்டைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "தொரசாணி மீனு வாங்கி ஒரு மாசம் ஆவுது பாயம்மா. நீ அனுப்பினா துன்னுது, இல்லாங்காட்டி கஞ்சியும் ஊறுகாயும்தான். நீ பாக்கறதில்லியா?"

நான் எழுந்து பின்கட்டுக்கு ஓடினேன். இங்கரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. ஏப்ரலில் வந்தவர், எட்டு மாசம் முடிகிறது. கயிற்றில் நாலு கவர் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டும் ஆப்பிளாகவும் சீஸாகவும் என் வீட்டுக்கு வந்துவிட்டன. அவருடைய பிப்ரவரியையும் மார்ச்சையும் நான் தின்றிருக்கிறேன். அவமானத்தோடு கவர்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அவர்தான் என் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னார். "ஜனவரி கடைசீல போய்டறேன் ரஜியா. பத்து மாசம் ஆச்சில்ல? அவரு கோச்சிக்க மாட்டாரு."

ஒரு கை சர்க்கரை

பாத்திரம் அனுப்புவதை நிறுத்தினேன். மூன்றாம் நாள் கண் கலங்க வந்து, தன் மேல் என்ன கோபம் என்று கேட்டார். வாடகை வேண்டாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, இனிமேல் பாத்திரத்தில் ஒரு கை சர்க்கரை போட்டுக் கொடுத்தால் போதும், வழக்கத்துக்கு அதுவே தாராளம் என்று எடுத்துச் சொன்னேன். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியுமா? "நீ கறி குடுப்ப, நான் சக்கர குடுப்பேனா? நல்லாவா கீது?"

ஒரே தாலம்

அன்றைக்குச் சோறு போடும்போது ஜமாலிடம் புலம்பினேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே அலட்சியமாகச் சொன்னார், அதெல்லாம் இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள வழக்கம், ஒரே வீட்டுக்குள் எவன் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் பேச்சைக் கேட்டு நான் துள்ளி எழுந்தது அந்த ஒருநாள்தான்.

விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய தாலத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற தாம்பாளம் அது. பாய் விரித்து, சோற்றைக் கொட்டி, நானும் இங்கரம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஜமால் கூடத்தில் தன் தட்டோடு இருந்தார். "இன்னிலேர்ந்து நாம ஒரே வூடு. ஒரே தாலத்துல துன்றவங்க பாத்திரம் திருப்பித் தர்றதில்ல. இதுவும் எங்க வழக்கம், எழுதிக்கோங்க" என்றேன். அவர் நோட்டை எடுத்தார், எழுதினார், பென்சிலைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து டீச்சர் குரலில் கேட்டார்: "ஒரே வூடுன்னா, வாடகை இன்னாத்துக்கு ரஜியா?"

பன்னிரண்டு

கூடத்தில் ஜமாலுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. வாடகை வேண்டாம் என்று நான் கும்பிட்டுச் சொன்னபோது வேண்டாம் என்றவர், நானே வகுத்த சட்டத்தை வைத்து என்னை மடக்கிவிட்டார். கூரைக்கு ஓடு மாற்றலாம் என்று அந்த வாடகையை எண்ணிக்கொண்டிருந்தேன். வீடு வாடகைக்கு விட்டவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வயிறு எரியவில்லை, குளிர்ந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கினார், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார், ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் தினமும் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தார்.

இரண்டு கவர் நாலு மாசத்துக்குத் தாராளமாக வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். காற்று அன்றைக்கு நிதானமாக அடித்தது. அலை வந்து காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. பிறகு அவர் பேசினார். என்னிடம் இல்லை, தண்ணீரைப் பார்த்து. "பன்னெண்டு ஆயிடுச்சி. பாத்துக்கினியா?"

கடிதம்

வழிக்கு அதிரசமும் முறுக்கும் செய்து அதே தூக்குவாளியில் நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். பஸ் போன பிறகு ஒரு வாரம் நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பட்டம்மா கூடப் பின்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது டென்மார்க்கிலிருந்து கடிதம் வந்தது. கட்டம் போட்ட தாளில், குண்டு குண்டாக, நான் சொல்லிக்கொடுத்த எழுத்து. மூன்றே வரி. பார்சல் எதுவும் கூட வரவில்லை. படித்துவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "ரஜியா, தூக்குவாளி என் சமையலறையில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்ப மாட்டேன். நாம் ஒரே வீடு."

ஆகவே தோழிகளே, அறையைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள், ஆனால் குடிவருகிறவர்களுக்கு நம் வழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் நம்மைவிட ஒழுங்காக அதைக் கடைப்பிடித்துத் தொலைத்துவிடுவார்கள்.