பினாயில் அக்கா வேகவைத்த மண்

இது சத்தியமாக நடந்த கதை. பேருந்துக்காக நிழற்குடையில் காத்திருக்கிற நீங்கள் ஐந்து பேரும் நம்பித்தான் ஆகவேண்டும். சரி, அப்படி முறைக்காதீர்கள். முக்கால்வாசி நடந்தது, மீதியை நான் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

நாற்றுப்பண்ணையில் இருபது வருடமாக வேலை பார்த்தவளுக்குப் பினாயில் அக்கா என்று பட்டப்பெயர். அவ்வளவு சுத்தம். அவள் வீட்டுப் பல்லிகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் சுவரேறும். பண்ணையில் மண்ணை அப்படியே தொடமாட்டாள். தகர டிரம்மில் கொட்டி, அடியில் தீ மூட்டி, ஆவி பறக்க வேகவைத்து, ஆறிய பிறகுதான் நாற்றுப் பையில் நிரப்புவாள். அதன் மேல் பூஞ்சை மருந்து வேறு.

பக்கத்து வீட்டில் குடியிருந்த அவள் நாத்தனாருக்கும் அதே பண்ணைக் கொட்டகையில்தான் வேலை. அவளோ வேலியோரப் பெரிய மரத்தடி மண்ணை அள்ளி, பச்சையாகவே பையில் போடுவாள். ஒரு நாள் அவளுடைய பை ஒன்று கிழிந்தது. வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்.

"என்னடி இது, வேர்ல பூஞ்சை! பண்ணையவே நோய்ல தள்ளப் போறியா?"

"செடி நல்லாத்தானே இருக்கு அண்ணி? நூல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"நூலாம் நூல்! சேலை நெய்யப் போறியா?"

அக்கா நேராக மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அன்றைக்கே நாத்தனாருக்கு வேலை போனது. எறியச் சொன்ன முந்நூறு பைகளையும் அவள் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்த் தன் கொல்லையில் அடுக்கினாள். பேச்சு அறுந்தது.

பிறகு மழை பொய்த்தது. இறக்கை பற்றிக்கொள்ளுமென்று காக்கைகள் நடந்தே போன வெயில். தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. அக்காவின் எண்ணூறு கன்றுகளும் தலை தொங்கின.

"பாதியாவது தேறணும் அக்கா. இல்லன்னா மாசக் கடைசியில கொட்டகைய மூடிடுவேன். உங்களுக்கும் வேலை இருக்காது" என்றார் மேலாளர்.

அன்று துணி உலர்த்தும்போது மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தவள் துவைத்த துணியை மண்ணிலேயே போட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை மட்டுமே குடித்த நாத்தனாரின் பைகள் பச்சைப்பசேல் என்று நின்றன.

பண்ணைக்கு வந்த மண் சோதனைக்காரரிடம் கேட்டாள். "எல்லாப் பூஞ்சையும் நோய் இல்லம்மா. வேர் நுழைய முடியாத சந்துக்குள்ளயும் அந்த நூல் போய்த் தண்ணி கொண்டாந்து குடுக்கும். பதிலுக்குச் செடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும். நீங்க வேகவச்சுக் கொன்னுட்டீங்க" என்றார். நூல் பிடித்த வேரை மண்ணோடு நறுக்கிக் கன்றின் வேரடியில் வைத்துப் பார்க்கலாம்; ஆனால் பிடிக்க வாரக்கணக்காகும் என்றும் சொன்னார்.

அக்கா நாத்தனார் வாசலில் போய் நின்றாள்.

"வாங்க அண்ணி. செருப்போடயே வாங்க, இங்க எல்லாமே அழுக்குதான்."

"தப்பு என்மேலதான். உன் செடி வேர்ல கொஞ்சம் நறுக்கிக் குடுத்தா..."

"நோய்ன்னீங்களே?"

"சொன்ன வாயப் பினாயில் ஊத்திக் கழுவணும்."

நாத்தனார் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் வேலை தேடி நாயா அலைஞ்சேன். ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?"

நாத்தனார் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் முப்பது பைகளைத் தனியே நகர்த்தினாள். "வேரை நறுக்கினா இதுங்க செத்துடும். தெரிஞ்சு எடுத்துட்டுப் போங்க."

அந்த வேரை மண்ணோடு நறுக்கி எண்ணூறு கன்றின் வேரடியிலும் அக்கா வெறுங்கையால் வைத்தாள். நகக்கண்ணில் ஏறிய மண்ணைக் கழுவக்கூட இல்லை. ஆனால் காய்ந்து போனது காய்ந்ததுதான். மாசக் கடைசியில் முந்நூற்றுச் சொச்சம்தான் உயிரோடு இருந்தது. மேலாளர் சொன்னபடியே கொட்டகையைப் பூட்டினார்.

"அப்ப அந்த முப்பதும் வீணா?" என்று எகிறினாள், நிழற்குடையில் கதை கேட்டுக்கொண்டிருந்த தையல்காரி. "வேலைய விட்டுத் துரத்தினவளுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"குடுக்காம? முந்நூறு பொழைச்சுதே, அது கணக்குல வராதா?" என்றார் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழக்கடைக்காரர்.

"உங்க தங்கச்சி வேலை போயிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"என் தங்கச்சிய ஏம்மா இழுக்கறே?"

"இழுப்பேன்! என்ன பண்ணுவீங்க?"

பேருந்து வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. பழக்கடைக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.