கொஞ்சம் உதவினேன் என்றவள்

வடதுருவக் கடலை ஒட்டிய செஞ்சா தீவில் தற்பெருமை பேசுபவனைக் கண்டால் பூனைகூட ஒதுங்கிப் போகும். குட்வெய்க் அந்தத் தீவில் பிறந்தவள். போன மாதம் அந்தத் தீவின் மண்ணுக்குள்ளேயே போய்விட்டாள். தன்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னது வாழ்நாளில் ஒரே ஒரு வரி.

சால்மன் பண்ணையில் மீன்களின் நலம் பார்ப்பது அவள் வேலை. மீனை அரிக்கும் பேனை, அது உடம்பில் ஒட்டுவதற்கு முன்பே கடல்நீரில் விளக்கு வைத்துப் பிடிக்க ஒரு பொறியை அவளாகவே யோசித்துச் செய்திருந்தாள். நாற்பதைத் தாண்டியபின் அதையே ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க ஆசை வந்தது. ஆய்வாளர் இடமும் அங்கே சம்பள வேலைதான். பல்கலைக்கழகம் விளம்பரம் போட்டுத்தான் ஆள் எடுக்கும். பெர்கன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். பிறகு ட்ரோன்ட்ஹெய்முக்கு. இரண்டு இடத்திலும் மதிப்பீட்டுக் குழு ஒரே குறையைத்தான் சொன்னது: சொந்தமாகச் செய்த வேலை எதுவும் தெரியவில்லை.

ட்ரோம்சோவில் மீன்பேன் ஆய்வுக்கென்றே ஓர் இடம் வந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்றிருந்தாள்.

கணவன் ஒட்வார் மீன்பிடிப் படகுக்காரன். அவள் எழுதியதை வாங்கிப் படித்தான்.

"'பொறி செய்யக் கொஞ்சம் உதவினேன்'னு எழுதியிருக்க. யாருக்குடி உதவின? கடல்காக்காவுக்கா?"

"பண்ணையில எல்லாரும்தான் இருந்தாங்க, ஒட்வார்."

"இருந்தாங்க. காபி குடிச்சுக்கிட்டு."

"நான்தான் செஞ்சேன்னு எழுதினா ஊரே சிரிக்கும்."

"ஊரா உனக்கு வேலை குடுக்குது?"

விவரம் கேட்க விளம்பரத்தின் அடியில் ஒரு எண் இருந்தது. ஒட்வார் அதை அழுத்தி, மீன்வாடை அடிக்கும் போனை அவள் கையில் திணித்தான்.

எடுத்தவர் பேராசிரியர் இங்கெரித். பொறியைப் பற்றிக் கேட்டார்.

"கொஞ்சம் உதவினேன்," என்றாள் குட்வெய்க்.

"நீ எந்த ஊரு?"

"செஞ்சா."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நினைச்சேன். எங்கம்மாவும் அந்த ஊருதான். படகு கவுந்து நீந்திக் கரையேறினாலும் 'லேசா நனைஞ்சிட்டேன்'ம்பாங்க. நீ கொஞ்சம்னா முழுசும்னு எனக்குப் புரியும். ஆனா குழுவுல ஒரு ஜெர்மன்காரர் இருக்கார். அவர் கொஞ்சம்னா கொஞ்சம்னுதான் படிப்பார்!"

அன்று மாலை முழுக்க ஒரு வரியோடு மல்லுக்கு நின்றாள். 'இந்தப் பொறியை உருவாக்கியவள் நான்.' எழுதினாள்; அழித்தாள்; மறுபடி எழுதினாள். தேவாலயத்தில் எல்லோரும் தலைகுனிந்திருக்கும்போது தான் மட்டும் எழுந்து நின்றதுபோலக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

விண்ணப்பித்தவர்களின் தரவரிசை வந்தபோது அவள் பெயர்தான் முதலில் இருந்தது. ஒட்வார் அதை வெகுநேரம் பார்த்தான்.

"மோசமில்ல," என்றான்.

அந்தக் கரையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பட்டம் வாங்கினாள். அவள் விளக்குகள் இன்று தீவைச் சுற்றியுள்ள பண்ணைகளிலெல்லாம் எரிகின்றன. ஆனாலும் கடைசி வரை யாராவது கேட்டால் பழையபடி, "கொஞ்சம் உதவினேன்," என்பாள்.

போன மாதம் அவளது அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது ஒட்வார் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழகாதவன்.

"அவ எழுதினது ஒண்ணு இருக்கு," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "'இந்தப் பொறியை உருவாக்கியவள் நான்.'"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

ஊர் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் பண்ணைக் கிழவர் ஒருவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மோசமில்ல," என்றார்.