நேராகப் போய் வலப்பக்கம்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், ரயில் நிலைய வாசலில் ஆரஞ்சு பிழிந்து விற்கும் தோமித்திலாவிடம் வழி கேட்டவர் யாரும் பதில் வாங்காமல் போனதில்லை. தெரிந்தால் சொல்வாள். தெரியாவிட்டால் இன்னும் அழகாகச் சொல்வாள். வெளியூர்க்காரன் நம்பிக் கேட்கும்போது, முகத்தில் அடித்தாற்போல் 'தெரியாது' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? மரியாதை போய்விடுமாம். மரியாதையாம், மண்ணாங்கட்டி!

ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் மொய்க்கிற நேரம், மலைக் கிராமத்து அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள். நிக்கோலாசா என்று பெயர்.

"தங்கச்சி, வடக்க தக்காளித் தோட்டத்துக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போற பஸ் எங்க நிக்கும்? எம் மவன் அதுலதான் போறான். எங்கூட சண்ட போட்டுக்கிட்டு, ஆசீர்வாதங்கூட வாங்காம வந்துட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்குறான்."

தோமித்திலாவுக்குப் பகீரென்றது. தாய் கையால் நெற்றியில் சிலுவை வாங்காமல் ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போவதா! அந்த பஸ் எங்கே நிற்கும் என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கை தானாக நீண்டது.

"நேரா போங்கம்மா. பெட்ரோல் பங்க் வரும். வலப்பக்கம் திரும்புனா கண்ணு முன்னாலயே நிக்கும்."

அம்மாள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். பக்கத்துக் கடையில் சாவி ராவிக்கொண்டிருந்த காசிமிரோ மெஷினை நிறுத்தினான்.

"அந்தம்மா என்ன கேட்டுச்சு?"

சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடிப்பாவி! அது தண்டவாளத்துக்கு அந்தாண்ட, சோப்பு கம்பெனிக்குப் பின்னாடி நிக்குது. உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும், சாவியே இல்லாத பூட்டா!"

"கடையப் பாத்துக்கடா" என்று கத்திக்கொண்டே தோமித்திலா ஓடினாள். பெட்ரோல் பங்கில் அம்மாளைக் காணோம். அங்கே ஒரு புண்ணியவான், அவனுக்கும் வழி தெரியாமலே, அவளை இன்னும் தள்ளி அனுப்பியிருந்தான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். கடைசியில் ஒரு முட்டுச்சந்தில், சுவரைப் பார்த்தபடி நிக்கோலாசா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தண்டவாளம் தாண்டி, இருவரும் மூச்சு முட்ட ஓடினார்கள்.

சோப்பு கம்பெனிக்குப் பின்னால் ஒருவன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"இப்பத்தாம்மா கெளம்புச்சு. பையன் ஒருத்தன் படியிலயே நின்னு தெருவப் பாத்துக்கிட்டு இருந்தான். டிரைவர் திட்டுன பெறகுதான் உள்ள ஏறுனான்."

நிக்கோலாசா பஸ் போன திசையையே பார்த்தாள். தோமித்திலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எம்மேலதான் தப்பு. எனக்கு வழியே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"சேச்சே, நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. இந்தச் செவிட்டுக் காதுதான் மாத்திக் கேட்டிருக்கும். யாவாரத்த விட்டுட்டு எம் பின்னாடியே ஓடி வந்திருக்க. தலையக் குனி."

"வேணாம்மா. எனக்கு வேணாம்."

"அட, குனிங்கிறேன். அவனுக்குன்னு கொண்டாந்தது. திருப்பி வீட்டுக்கா எடுத்துட்டுப் போக முடியும்?"

தோமித்திலா குனிந்தாள். காய்த்துப்போன கட்டைவிரல் அவள் நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தது.