கடை அலமாரியில் என் சுண்டல் டப்பா

பாத்திரக் கடையில் உட்கார அனுமதி பாத்திரங்களுக்கு மட்டும்தான். விற்கிறவள் நிற்க வேண்டும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு எவர்சில்வர் கடையில் நான் நிற்கிறேன். தூங்கி எழுந்ததுமே களைத்துப் போகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் ஸ்ட்ராங்கா ஒரு காபி குடி, சரியாயிடும் என்பார்கள். குடித்துப் பார்த்தாயிற்று. கொஞ்ச நேரம் தூக்கிவிடும், அப்புறம் தூக்கின உயரத்திலிருந்து கீழே போடும்.

பெரிய பேர்

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. இன்றைக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் நாளைக்கு எழுந்திருக்க முடியாது. அப்பா என்னைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டார். காலேஜுக்கு மார்க்கும் இல்லை. அதனால் வேலைக்கு வந்தேன். இந்த வேலையும் போனால் அப்பா சொன்னது சரி என்றாகிவிடும். அது மட்டும் ஆகக் கூடாது.

குரோம்பேட்டை டாக்டர் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். எல்லாம் நார்மல். ரொம்ப நாள் இழுத்தடித்த பிறகு ‘க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்’, அதாவது தீராத அசதி நோய் என்றார். தனியாக மருந்து கிடையாதாம். வயிறு முட்டச் சாப்பிடாதே, பட்டினியும் கிடக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடு, முடியாதபோது உட்கார் என்றார். சாப்பாட்டால் குணமாகாது, ஆனால் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கவுண்டரில் என்னோடு நிற்கிற ஸ்டெல்லா அக்காவிடம் இதை ஒப்பித்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டது: “பேரு பெருசா இருக்கு. இதுக்கு லீவு குடுப்பாங்களா?”

விழுந்த குடம்

டாக்டர் சொன்னதை நான் உடனே கேட்கவில்லை. கடையில் மதியம் ஒரு வேளைதான், குடோனில் முறை வைத்துச் சாப்பாடு. அன்றைக்கு அக்கா வஞ்சிர மீன் குழம்பு கொண்டுவந்திருந்தது. நான் என் சோற்றையும் தின்று அக்கா சோற்றில் பாதியையும் தின்றேன். திரும்பி வந்து நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. சும்மா ஒரு நிமிஷம் சாய்ந்துக்கலாமே என்று குட அடுக்கில் சாய்ந்தேன். அடுக்கு மொத்தமும் சரிந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டாம். காப்பாற்றியது, அதுவரை ஒவ்வொரு குடமாகத் தட்டிப் பார்த்து எதுவும் பிடிக்காமல் நின்றிருந்த ஒரு பூக்கார அம்மாதான். உருண்டு வந்த குடத்தைக் காலால் நிறுத்தி, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இம்மாம் உசரத்துலேர்ந்து வுழுந்தும் நசுங்கல பாரு. இதையே குடு கண்ணு.”

பார்க்க நன்றாக இருப்பவள்

அதற்குப் பிறகு அளவோடு சாப்பிடத் தொடங்கினேன். காலையில் இரண்டு இட்லி, நடுவில் ஒரு கை சுண்டல், மதியம் கொஞ்சம் சோறு, அப்புறம் வாழைப்பழம், சாயங்காலம் வேர்க்கடலை, உப்புப் போட்ட மோர். பசி வருவதற்கு முன்னாலேயே சாப்பிட வேண்டும். வந்த பிறகு சாப்பிட்டால் லேட். இதில் ருசி, விரதம் எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு டீசல் போடுகிற மாதிரிதான்.

உங்களுக்கும் நடந்திருக்கும், கேட்டவரெல்லாம் வைத்தியராகிவிடுவார்கள். பீட்ரூட், பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், கேழ்வரகுக் கஞ்சி. இட்லிப் பானை வாங்க வந்த ஒரு டீச்சர் ரொம்ப அக்கறையாக விசாரித்தார். நானும் நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாக்க கொழுக்கு மொழுக்குன்னுதானேம்மா இருக்கே, உனக்கென்ன கேடு?”

டப்பா

ஒரு நாள் நான் கவுண்டரிலேயே சுண்டல் தின்றதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். எச்சில் கை பட்ட பாத்திரத்தைச் சீருக்கும் பூஜைக்கும் யார் வாங்குவார்கள், இன்னொரு தடவை பார்த்தால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை. வீட்டிலிருந்த புதிய எவர்சில்வர் டப்பாவில் சுண்டலைப் போட்டு, கடை அலமாரியில் அதே மாதிரி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் பார்க்காதபோது ஒரு வாய், உடனே கை கழுவல். பாத்திரக் கடையில் டப்பாவை ஒளிக்க வேறு நல்ல இடம் உண்டா?

முகூர்த்த சீசனில் கடை நிரம்பி வழிந்தது. வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு அம்மா டப்பாக்களாக வாங்கினார். ஸ்டெல்லா அக்கா அலமாரியையே காலி செய்து கட்டிக்கொடுத்துவிட்டது, என்னுடையதையும் சேர்த்து. நான் போய்ப் பார்த்தபோது அலமாரித் தட்டு வெறுமையாக இருந்தது.

அந்த அம்மா திரும்பி வந்தார். லட்டு வைக்கத் திறந்தாராம். அண்ணாச்சியின் மேஜைமேல் டப்பாவை வைத்து மூடியைக் கழற்றினார். பாதி தின்ற சுண்டல். அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் பார்த்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் என்னுடையது என்றேன். ஏன் என்றும் சொன்னேன்: சாப்பிடாவிட்டால் நிற்க முடியாது, நிற்க முடியாவிட்டால் இந்த வேலை இல்லை. அழவெல்லாம் இல்லை. அழவும் தெம்பு வேண்டும்.

அந்த அம்மா அண்ணாச்சியிடம் நிதானமாக, வேலை செய்கிற பெண்ணுக்குச் சாப்பிட ஒரு மூலை கூடவா இல்லை என்று கேட்டார். கடையே வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி வேறு டப்பா எடுத்துக்கொடுத்து அவரை அனுப்பினார். பிறகு என் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கேதான் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தெருவில் எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைக் கூப்பிட்டார். “இன்ஷியலோட பேரச் சொல்லு, வெட்டட்டும். பேர் வெட்டினத யாரும் விக்க முடியாது. வேணுங்கறப்பல்லாம் குடோன்ல அண்டாவக் கவுத்துப் போட்டு உக்காந்து சாப்பிடு.”

நோய் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, வேளாவேளைக்கு எதையாவது போட்டுக்கொண்டிருந்தால் அதுவும் என்னோடு ஒழுங்காக வேலைக்கு வந்துவிடுகிறது.